மூன்று மாடிக் குழாயும் சிவப்பு ரிப்பனும்

அந்தச் சிறுமிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கட்டடத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் "உடும்பு". ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

பள்ளி விடுமுறை நாள். அம்மா சொல்லிவிட்டுப் போன வேலைகளைச் சட்டுப்புட்டென்று முடித்துவிட்டு, உடும்பு மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தாள். தரைத்தளத்தில் தையல் அக்கா தன் பட்டன் டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பட்டனை ஏன் பெட்டிக்குள்ள வெக்கிறீங்க?"

"காலி பண்றேன்டி. நாளைக்குக் காலையில வண்டி வருது."

பள்ளி விட்டு வந்ததும் உடும்பு உட்காரும் இடம் அக்காவின் வெட்டுமேசைக்கு அடியில்தான். அங்கே சுவரில் சாய்ந்துகொண்டு பட்டன்களை நிறம் நிறமாகப் பிரிப்பாள். பிரித்துக்கொண்டே வகுப்பில் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். அக்கா தைத்துக்கொண்டே "ம்" கொட்டுவார்.

இப்போது அந்தச் சுவர் முழுவதும் ஈரம். சுவருக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. அதில் மேலிருந்து கீழே ஒரு தடித்த குழாய் இறங்கியது. மூன்று மாடிகளின் கழிப்பறைத் தண்ணீர், குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் அந்த ஒரே குழாய் வழியாகத்தான் போகும். அது சரியாக அக்காவின் சுவருக்கு நேரே விரிசல் விட்டிருந்தது.

"நேத்து ஒரு அம்மா கவுனைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்றார் அக்கா. "'தையல் நல்லாதான் இருக்கு, மோந்து பாரு'ன்னாங்க. மோந்து பார்த்தேன்." அக்கா மூக்கைச் சுருக்கினார். "அவங்க சொன்னது சரிதான்."

"இன்னைக்குத்தான் பிளம்பர் அண்ணன் வர்றாரே!"

"அவரு சரி பண்ணிட்டா வண்டி வேண்டாம்னு சொல்லிடுவேன். ஆனா போன தடவை வந்தவரும் இப்படித்தான் வந்தாரு. விரிசல் மேல எதையோ அப்பிட்டுப் போனாரு. ஒரு வாரம்கூடத் தாங்கல."

பிளம்பர் அண்ணன் வந்தார். சந்துக்குள் புகுந்து, பழைய பூச்சை ஆணியால் சுரண்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு மேல பூசி ஒண்ணும் ஆகாது. இந்தத் துண்டையே அறுத்து எடுத்துட்டுப் புதுசு வெக்கணும். அறுத்ததும் குழாய் வாயைப் பொளந்துகிட்டு நிக்கும். நான் அதுக்கு நேர் கீழே நிப்பேன். மேலே யாராவது தண்ணி விட்டா எங்கே விழும்?"

"உங்க தலையில" என்றாள் உடும்பு.

"கெட்டிக்காரி. ஓடிப்போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வா."

உடும்பு ஓடினாள். முதல் மாடியில் மீசை மாமா கதவைத் திறந்தார்.

"தண்ணி விடக் கூடாதா? எனக்கே சட்டமா? சரி சரி, போ."

இரண்டாவது மாடியில் நர்ஸ் அக்கா. இரவெல்லாம் மருத்துவமனையில் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குபவர். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"தண்ணியா? நான் தூங்கத்தான்மா போறேன்" என்றது அந்தக் கண். கதவு மூடிக்கொண்டது.

மூன்றாவது மாடி உடும்பின் சொந்த வீடு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கே சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? பாதிப் படியிலேயே திரும்பி இறங்கிவிட்டாள்.

"சொல்லியாச்சு அண்ணா!"

பிளம்பர் அண்ணன் முக்காலியில் ஏறி நின்று ரம்பத்தை எடுத்தார். கர்ர், கர்ர் என்று அறுத்தார். விரிசல் விட்ட துண்டு பொத்தென்று கழன்று வந்தது. புதுத் துண்டை எடுக்க அவர் குனிந்தார்.

மேலே எங்கோ "களக் களக்" என்று ஒரு சத்தம்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் "சொய்ய்ங்" என்று இறங்கியது தண்ணீர். தலை, சட்டை, ரம்பம், முக்காலி எல்லாம் நனைந்தன.

வாயைத் திறக்கப் பிளம்பர் அண்ணனுக்குப் பயம். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கத்தினார்.

"யாரு அது?"

முதல் மாடி ஜன்னலில் மீசை தெரிந்தது. "நான் இல்லப்பா! ரெண்டாவது மாடியாத்தான் இருக்கும். தூக்கக் கலக்கத்துல எழுந்து விட்டிருப்பாங்க!"

நர்ஸ் அக்கா கலைந்த தலையோடு ஜன்னலுக்கு வந்தார். "நான் படுக்கையை விட்டே எழுந்திருக்கல."

"பின்ன யாரு, குழாயே குளிச்சுதா?" என்றார் மீசை மாமா.

"சத்தியமா நான் இல்லீங்க!" நர்ஸ் அக்காவின் குரல் உடைந்தது.

பிளம்பர் அண்ணன் ரம்பத்தை உதறிப் பைக்குள் போட்டார். "நீங்க சண்டையை முடிச்சுட்டு வேற ஆளைப் பார்த்துக்கங்க. இந்த ஓட்டையில துணியைச் சுத்தி அடைச்சுட்டு நான் கிளம்பறேன்."

தையல் அக்கா உள்ளே போய் அட்டைப்பெட்டியின் மூடியை மடித்தார். அந்தச் சத்தம் உடும்பின் காதில் நன்றாகக் கேட்டது.

"அண்ணா, ஒரு நிமிஷம்! துண்டு எடுத்துட்டு வரேன், தலையையாவது துவட்டிக்கங்க!"

மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறினாள். கொடியிலிருந்து துண்டை உருவினாள். உருவியபோது அதன் வாசனை மூக்கில் ஏறியது. சோப்புத்தூள் வாசனை. பிளம்பர் அண்ணன் பக்கத்தில் நின்றபோதும் இதே வாசனைதானே வந்தது? நாற்றம் அடிக்கவே இல்லையே! அவர் தலையில் வெள்ளையாக ஏதோ இருந்ததே, அது நுரையா?

அப்போது அறை மூலையில் "கிர்ர்ர்" என்றது துணி துவைக்கும் இயந்திரம்.

உடும்பு அப்படியே நின்றுவிட்டாள்.

காலையில் அம்மா சொன்ன வேலைகளில் அதுவும் ஒன்று. துணியைப் போட்டு, தூளைப் போட்டு, பட்டனை அமுக்கியது அவளேதான். இயந்திரம் துவைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், அழுக்குத் தண்ணீரைக் குழாயில் விட்டிருக்கிறது. அலசுவதற்கு மறுபடியும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது!

பாய்ந்து போய் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினாள்.

இதை யாரும் பார்க்கவில்லை. இப்படியே கீழே போய்த் துண்டைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லோரும் நர்ஸ் அக்காதான் என்று நினைத்துக்கொள்வார்கள். நர்ஸ் அக்காவின் உடைந்த குரல் நினைவுக்கு வந்தது. உடும்பு துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"அண்ணா, தண்ணி விட்டது எங்க வீட்டு மெஷின். காலையில நான்தான் போட்டேன். மறந்துட்டேன்."

மாடி ஜன்னலில் மீசை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"மாமா, உள்ளே போகாதீங்க" என்றாள் உடும்பு. "நாம ரெண்டு பேருமே நர்ஸ் அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அக்கா, என்னை மன்னிச்சிடுங்க!"

மீசை மறுபடி வெளியே வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு, இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்துச் சொன்னது. "ஏதோ வாய் தவறிடுச்சும்மா. மனசுல வெச்சுக்காதே."

பிளம்பர் அண்ணன் தலையைத் துவட்டியபடி உடும்பைப் பார்த்தார். "அப்போ எனக்கு சோப்பு போட்டு விட்டது நீதானா?"

"ஆமாண்ணா. இனிமே ஒரு சொட்டு வராது. நான் பொறுப்பு. போகாதீங்க."

"நீயா? முதல் குத்தவாளியே நீதானே!"

"அதனாலதான் சொல்றேன். மறந்துபோறது எப்படின்னு எனக்குத் தெரியும். வாயால சொன்னா காது கேக்குது, ஆனா கை கேக்க மாட்டேங்குது. அது பாட்டுக்குப் போய்த் திறந்துடுது. அதனால கைக்குச் சொல்லணும்."

பிளம்பர் அண்ணன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. "பசை ஈரத்துல ஒட்டாது. முதல்ல குழாய் நல்லா காயணும். ஒட்டின பிறகும் சாயங்காலம் வரைக்கும் தண்ணி படக் கூடாது. முடியுமா?"

"முடியும்."

உடும்பு தையல் அக்காவிடம் ஓடினாள். "அக்கா, வெட்டுத் துணி வேணும். பளிச்சுன்னு தெரியற மாதிரி."

அக்கா மூட்டையைக் கொட்டினார். சிவப்புத் துணி நிறைய இருந்தது. அக்கா கத்தரியால் நீள நீளமாக ரிப்பன் வெட்ட, உடும்பு அவற்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாயிலும், ஃப்ளஷ் பிடியிலும் கட்டினாள். ஒரு முடிச்சு இல்லை, முடிச்சின் மேல் முடிச்சு. தன் வீட்டு இயந்திரத்தின் பிளக்கிலும் ஒன்று கட்டினாள். பிறகு எதிர்ச்சாரியில் இருக்கும் முடி வெட்டும் கடைக்குப் போய், அவசரமென்றால் கட்டடத்தில் இருப்பவர்கள் அங்கே இருக்கும் கழிப்பறைக்கு வரலாமா என்று கேட்டு, சம்மதமும் வாங்கி வந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது நர்ஸ் அக்கா சந்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் தலைமுடி உலர்த்தும் கருவி.

"நீங்க தூங்கலையா அக்கா?"

"உண்மையைச் சொன்னியே, அதுக்கு என்னால முடிஞ்சது. இதுல சூடான காத்து வரும். குழாய் சீக்கிரம் காயும்."

"அப்படியே எண்ணெய் தேய்ச்சு, தலை சீவி, பொட்டும் வெச்சு விடுங்க" என்றார் பிளம்பர் அண்ணன்.

குழாய் காய்ந்தது. புதுத் துண்டின் இரண்டு முனைகளிலும் இணைப்பு வளையங்களை மாட்டி, பசை தடவி, முறுக்கி அழுத்தினார். "இனிமே காவல்தான்" என்றார்.

உடும்பு படிக்கட்டில் உட்கார்ந்தாள். மேலே போவாள், ரிப்பன்களைப் பார்ப்பாள், இறங்கி வருவாள். மதியம் தாண்டியதும் முதல் மாடியிலிருந்து ஒரு குரல்.

"ஏய் உடும்பு! இது என்ன முடிச்சு? அவிழ்க்கவே முடியல!"

"எதுக்கு மாமா அவிழ்க்கறீங்க?"

உள்ளே முடிச்சை இழுக்கும் சத்தம் நின்றது. "அட! மறந்தே போயிட்டேன்."

அடுத்த நொடி மீசை மாமா இரண்டு இரண்டு படியாகத் தாண்டி, தெருவைக் கடந்து, முடி வெட்டும் கடைக்குள் மறைந்தார். திரும்பி வரும்போது கம்பீரமாக நடந்து வந்தார். மீசையின் ஓரம் திருத்தப்பட்டிருந்தது.

"போனதுக்கு ஒரு வேலை முடிஞ்சுது" என்றார்.

வெயில் சாய்ந்தது. பிளம்பர் அண்ணன் புது இணைப்பைத் தட்டிப் பார்த்தார். தையல் அக்கா ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அதைச் சுற்றிக் கட்டினார். "ஒரு சொட்டு கசிஞ்சாலும் இதுல தெரிஞ்சுடும்."

"முதல் தண்ணி யாரு விடறது?" என்று கேட்டார் பிளம்பர் அண்ணன்.

"எங்க மெஷின்!" என்று கத்திக்கொண்டே உடும்பு மேலே ஓடினாள். பிளக்கிலிருந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் அவளுக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. சுவிட்சைப் போட்டாள். விட்ட இடத்திலிருந்து இயந்திரம் மறுபடி தொடங்கியது. அது தண்ணீரை வெளியே தள்ளும் சத்தம் கேட்டதும், படிகளில் உருளாத குறையாக இறங்கினாள்.

குழாய்க்குள் தடதடவென்று தண்ணீர் இறங்கியது. எல்லோருடைய கண்களும் வெள்ளைத் துணியின் மேல். தையல் அக்கா கையை வைத்துத் தடவினார். மடித்துத் தடவினார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"காஞ்சு கெடக்கு" என்றார். உடனே கைபேசியை எடுத்தார். "வண்டிக்காரண்ணா, நாளைக்கு வர வேண்டாம். இல்ல இல்ல, நான் எங்கேயும் போகல."

பிளம்பர் அண்ணன் பையை மாட்டிக்கொண்டார். தன் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். "வேலைக்குப் போனியா, குளிக்கப் போனியான்னு வீட்டுல கேக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

தையல் அக்கா அட்டைப்பெட்டியைத் திறந்து பட்டன் டப்பாவை எடுத்தார். வெட்டுமேசைக்கு அடியில் ஒரு பாயை விரித்து, அதன்மேல் டப்பாவைக் கவிழ்த்தார்.

"உக்காரு. எல்லாம் கலந்து போச்சு."

உடும்பு உட்கார்ந்தாள். மேலே யாரோ தண்ணீர் விட்டார்கள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். தண்ணீர் சத்தமாக இறங்கி, எங்கும் நிற்காமல், தன் வழியே போய்ச் சேர்ந்தது.

அக்கா தையல் இயந்திரத்தை மிதித்தார்.