உங்கள் பெயரோடு ஒட்டி ஓர் இடம்

ஐப்பசி மழைக்கு என்றைக்கு மரியாதை தெரிந்திருக்கிறது? மார்த்தாண்டம் சந்தை ரோட்டில் டெல்சியின் ஸ்கூட்டர் பாதி தூரம் வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு, சட்டென்று கொட்டித் தீர்த்தது.

கண்ணில் பட்ட முதல் கடையின் தகரக் கூரைக்குக் கீழே வண்டியை நுழைத்தாள். தான் நனைந்தால் பரவாயில்லை. பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டியின் மூடி சரியாக இறுகவில்லை. மழைத்தண்ணீர் பட்டால் மீன் தாங்காது.

"ஹலோ! இது கடை வாசலாக்கும்... மீன் சந்தை அங்கோடி!"

திரும்பினாள். கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். வெள்ளைச் சட்டை, சுருட்டை முடி... அப்புறம் அந்தக் கண்கள்! கோபப்படத் தெரியாத கண்களை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் கோபப்படப் பார்க்கிறான், பாவம்... என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"மழை விட்டதும் போயிருவேன் அண்ணாச்சி. உங்க வாசலத் தூக்கிட்டா போகப்போறேன்?"

"அண்ணாச்சியா? எனக்கு இருபத்தாறுதான் ஆகுது!"

"அப்போ தம்பியா?"

பார்வையைத் தாழ்த்தியவன், ஐஸ் பெட்டியில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்ததை வாசித்தான். முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி ஒளிந்தது.

"முட்டம்மீன் டாட் நம்மவள்ளம் டாட் இன்... அம்மாடியோ, ரயிலு மாதிரி நீளமா கெடக்கு! ஓசி அட்ரஸாக்கும்?"

அவ்வளவுதான். டெல்சிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஆமா, ஓசிதான்! இந்த வண்டி என் காசு. இந்தப் பெட்டி என் காசு. பெட்டிக்குள்ள கெடக்க மீனு, விடியக்காலம் ஏலத்துல நின்னு நான் எடுத்தது. பேங்குல கடன் வாங்கல, கல்ஃபுல எனக்கு அண்ணனும் கெடையாது. மிச்சம் பிடிக்க முடியுற எடத்துல மிச்சம் பிடிச்சேன். இதுல என்ன நாணக்கேடு? பெரிய கண்ணாடிக் கதவு போட்டவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது!"

கூரையிலிருந்து ஒழுகிய நீர் இருவருக்கும் நடுவே திரையாக விழுந்தது. திரைக்கு அந்தப்பக்கம் அவன் அவளையே பார்த்தபடி நின்றான். நனைந்த நெற்றியில் ஒட்டிய முடி, கோபத்தில் விரிந்த பெரிய கண்கள்... மழை விட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அவள் வண்டியைக் கிளப்பும்போதுதான் குரல் வந்தது.

"ஏங்க... நெய்மீன் கெடைக்குமா?"

"வெப்சைட்டுல ஆர்டர் போடுங்க. ஓசி அட்ரஸு பரவாயில்லன்னா!"

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். சந்தை முக்கு வரும்வரை அந்த நினைப்பைக் காப்பாற்றிவிட்டாள். அப்புறம் கழுத்துதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

டெல்சியின் வீறாப்புக்குக் காரணம் உண்டு. அவள் அம்மா வியாகுலம்மாள் இருபத்திரண்டு வருடம் முட்டத்திலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து விற்று, மகளை நாகர்கோவிலில் பி.சி.ஏ. படிக்க வைத்தவள். சென்னை வேலை கைக்கு வந்தது. டெல்சிதான் போகவில்லை. தம்மாமிலும் துபாயிலும் இருக்கும் மகன்கள், ஊரில் தனியாக இருக்கும் தங்கள் அம்மாக்களுக்கு நல்ல மீன் கிடைக்கவில்லையே என்று புலம்புவதை அவள் கேட்டிருந்தாள். அங்கே இருந்துகொண்டு அவர்கள் ஆர்டர் போட்டால், இங்கே இவள் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பாள். நல்ல யோசனைதானே! ஸ்கூட்டருக்கும் பெட்டிக்கும் போக, கையில் மிஞ்சியது மூன்று நாள் ஏலத்துக்கான காசு. இணையத்தில் சொந்தப் பெயர் வாங்க வேண்டுமென்றால் அதில் ஒரு நாளைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் நம்மவள்ளம் டாட் இன் என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. சொந்தக் காசில் சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கு, யாரோ ஒரு புண்ணியவான் தன் பெயரோடு ஒட்டி இலவசமாக இடம் கொடுக்கிறார். நம் பெயரைப் போட்டு, ஒரு புள்ளி வைத்து, அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால் போதும். டெல்சி உடனே மெயில் எழுதினாள்.

"ஐயா, சொந்தக் காசில் மீன் தொழில் செய்கிறேன். உங்கள் பெயரோடு ஒட்டி ஓர் இடம் தருவீர்களா? சும்மா வேண்டாம். கிறிஸ்மஸுக்கு ஒரு முழு நெய்மீன் கொண்டுவந்து தருவேன்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஏறிக்கோங்க. வள்ளத்தில் இடம் உண்டு. - அட்மின்."

அன்றிலிருந்து அவளுக்கு அவர் 'அட்மின் சார்'. ரிட்டயரான வாத்தியாராக இருக்க வேண்டும், வெள்ளை முடி, தடிக் கண்ணாடி... என்று அவளே ஓர் உருவம் செய்து வைத்திருந்தாள். சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் எழுதுவாள். சந்தோஷம் வந்தாலும் அவருக்குத்தான். அன்று மழையில் நனைந்து வீட்டுக்குப் போனதும் அவருக்குத்தான் எழுதினாள்.

"மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரன் நம்ம அட்ரஸை ஓசி என்று சொல்லிவிட்டான் சார். நல்லா கொடுத்துவிட்டேன்!"

"அவன் சரியான முட்டாள். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் ஓர் ஆர்டர். நெய்மீன் ஒரு கிலோ, சனிக்கிழமைதோறும். பெயர், அபினேஷ். இடம், மார்த்தாண்டம் சந்தை ரோடு, கம்ப்யூட்டர் கடைக்குப் பின்வீடு.

அட முட்டாளே!

முதல் சனிக்கிழமை அபினேஷின் அம்மா ராகேல் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம் மக்கா! இப்பந்தான் கடல்லேருந்து எந்திரிச்சு வந்த மாதிரியில்லா இருக்கு" என்றாள். இரண்டாவது சனிக்கிழமை சுடச்சுடக் கட்டன்சாயா கிடைத்தது. மூன்றாவது சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவனும் வந்து நின்றான்.

"தம்பிக்கு இன்னைக்கு வேலை இல்லியா?"

"மீன் எடை சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்..."

"பாருங்க, பாருங்க. மீன மட்டும் பாருங்க!"

அவன் காது மடல் சிவந்தது. அதைப் பார்த்த இவள் கன்னம் ஏன் சுட்டது? சவம்... இது எங்கே போய் முடியப்போகிறதோ!

அன்று சாயங்காலம் கை தானாக எழுதியது. "அந்த முட்டாள் அவ்வளவு மோசமில்லை சார். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. சனிக்கிழமை வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடுகிறது சார்..."

அட்மின் சார் இரண்டு நாள் பதிலே எழுதவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது. "மழைக்காலம். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்."

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. ராகேல் சாயாவை நீட்டியபடி பெருமையாக ஆரம்பித்தாள்.

"எம் மவனுக்கு மட்டும் கொஞ்சம் காரியம் தெரிஞ்சிருந்தா மாடி வீடே கெட்டியிருப்பான், மக்கா. நம்மவள்ளம்னு ஒண்ணு வச்சிக்கிட்டு ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் சும்மா எடம் குடுக்கான். கேட்டா, சொந்தக் கால்ல நிக்கவங்களுக்குக் குடுக்கியது புண்ணியம்னு பறையான்..."

சாயா கையில் அப்படியே நின்றது.

அட்மின் சார்... வெள்ளை முடி, தடிக் கண்ணாடி... கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது சார்... ஐயோ! ஒவ்வொரு வரியும் ஞாபகம் வந்து அவளைக் கொன்றது. விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்தாள். அழுதுவிடக் கூடாது, இவன் முன்னால் மட்டும் அழுதுவிடக் கூடாது.

"எடம் சும்மா குடுத்துட்டு, அதுக்கு வாடகையா என் மனச வாசிச்சியா?"

அபினேஷ் எழுந்தேவிட்டான். "டெல்சி... மொத நாளே சொல்லியிருக்கணும். சொல்லலாம்னு ஒவ்வொரு வாரமும்..."

"வேண்டாம். உன் வள்ளத்துல இனி நான் இல்ல!"

அந்த வாரமே ஒரு நாள் ஏலத்தை விட்டுவிட்டு, அந்தக் காசில் முட்டம்மீன் டாட் இன் என்று சொந்தப் பெயரை வாங்கினாள். கடையை அங்கே மாற்றினாள். ஐஸ் பெட்டியில் நம்மவள்ளத்தின் மேல் வெள்ளைப் பெயிண்டை அடித்தாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? கிறிஸ்மஸுக்குப் பத்து நாள்தான் கெடக்கு. கல்ஃபுல உள்ளவனுக்கெல்லாம் பழைய அட்ரஸுதானே தெரியும்?" என்று தலையில் கை வைத்தாள் வியாகுலம்மாள்.

அது டெல்சிக்கும் தெரியும். வருடத்தின் பாதி வியாபாரம் இந்தப் பத்து நாளில்தான். பழைய பெயரைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே பூட்டிய கதவுதான் கிடைக்கும். ஆனாலும் அவனிடம் போய் நிற்பதா? செத்தாலும் மாட்டாள்! முதல் நாள் பதற்றமும் வெப்ராளமுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

ஒன்பது ஆர்டர்கள் வந்திருந்தன. மறுநாள் பதினேழு. அடுத்த நாள் முப்பதைத் தாண்டியது.

எப்படி? பொறுக்க மாட்டாமல் தம்மாமில் இருக்கும் ஜெனோவுக்கு போன் போட்டாள். அருமனையில் இருக்கும் தன் அம்மாவுக்கு வாராவாரம் மீன் அனுப்புகிறவன்.

"புது அட்ரஸா? எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நான் எப்பவும் போல பழையதத்தான் அடிச்சேன். அதுவே கூட்டிக்கொண்டு போய் உங்க புதுக் கடையில விட்டுட்டு..."

போனை வைத்துவிட்டு டெல்சி தானும் பழைய அட்ரஸை அடித்துப் பார்த்தாள்; அவளுடைய புதுக் கடைதான் திறந்தது. அபினேஷ் கதவைப் பூட்டவில்லை. அவளைத் தேடி வந்த ஒருவரையும் தவறவிடாமல், அவளுடைய புது வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறான். அதைச் சொல்லிக்காட்ட ஒரு போன்கூடச் செய்யவில்லை. படுபாவி... திட்டக்கூட வாய்ப்புக் கொடுக்க மாட்டேன் என்கிறானே! கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது.

இருபத்து மூன்றாம் தேதி, முட்டம்மீன் டாட் இன்னின் அட்மினுக்கு ஒரு மெயில் வந்தது.

"அம்மா, சொந்தக் காசில் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறேன். உங்கள் பெயரோடு ஒட்டி ஓர் இடம் தருவீர்களா? சும்மா வேண்டாம். ஆயுசு முழுக்க மீன் பெட்டி தூக்கித் தருவேன். - அபினேஷ் என்ற முட்டாள்."

வாசித்தாள். சிரித்தாள். மறுபடியும் வாசித்துவிட்டு அழுதாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை. வெள்ளைச் சுடிதாரில், கையில் தன் முழங்கை நீளத்துக்கு ஒரு முழு நெய்மீனோடு, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டெல்சி உள்ளே வந்தாள். நாலு நாள் தாடியோடு இருந்த அபினேஷ் பதறி எழுந்தான்.

"இது அட்மின் சாருக்கு. வாக்குக் குடுத்திருந்தேன். எங்க அம்மை யாருக்கும் வாக்குத் தப்பினதில்ல, நானும் தப்பமாட்டேன்."

"டெல்சி, மன்னிச்சிரு. அட்மின் சாருட்ட பேசுற மாதிரி நீ என்ட்ட பேசமாட்டியேன்னு பயம்... அந்தப் பயத்துல மறைச்சுட்டேன். தப்புதான்."

"தப்புதான்." அவள் குரல் இறங்கவில்லை. "நான் யாருக்கும் சும்மா எடம் குடுக்கிறதில்ல. ஆனா விண்ணப்பம் வந்திருக்கு, பரிசீலிச்சாச்சு. அடிச்சுப் பாரு. அபினேஷ் டாட் முட்டம்மீன் டாட் இன்."

அவன் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தான். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தான். வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. நடுவில் ஐஸ் பெட்டியில் இருந்த அதே நீல நிறத்தில் ஒரே வரி.

'இந்த இடம் ஒரே ஓர் ஆளுக்கு. வாடகை கிடையாது. காலி பண்ணவும் முடியாது.'

அபினேஷ் நிமிர்ந்தபோது அந்தக் கண்கள் இரண்டும் நிறைந்திருந்தன. பின்வீட்டிலிருந்து, "ஏலே, மீனு எங்க? புளிமுளம் கொழம்புக்கு அரைச்சு வச்சிருக்கேன்!" என்று ராகேல் கூப்பிட்டாள். இருவருக்கும் அது காதில் விழவில்லை.

"இனிமே அட்மின் சாருக்கு மெயில் வராது" என்றாள் டெல்சி. தலை மட்டும் குனியவே இல்லை. முட்டத்துப் பெண் அல்லவா! "எழுத வேண்டியத நேர்லயே சொல்லிருதேன். எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு, அபினேஷ். அந்த மழை நாள்லேருந்தே பிடிச்சிருக்கு."