தம்பி இல்லை, தும்பி

"இதுல தம்பின்னு போட்டிருக்கு..."

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் மழையில் பாதி நனைந்திருந்தான். கேக் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி எழுத்தையே வெறித்தான். அதை எழுதியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போனில் தம்பி என்றுதான் காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் அவள் கையில் ஓர் எழுத்து பிசகியதில்லை என்பது அந்தக் கடைக்கே தெரியும்.

"தம்பி இல்லைங்க, தும்பி. பொண்ணு குழந்தை. எங்க அக்கா மக."

"பூச்சி பேரையா வைப்பாங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. அக்காவின் மாமியாரும் இதையேதான் கேட்டாராம். குயில், மயில், மான் என்று எத்தனை இருக்க, தாய்மாமனுக்குப் பூச்சிதான் கிடைத்ததா என்று. மாலையில் பெயர் சொல்லப் போகிறார்கள். கேக்கிலும் தம்பி என்று போய் நின்றால், சிரித்தே பெயரை மாற்றிவிடுவார்கள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஏன் இந்தப் பெயர் என்று மெதுவாகக் கேட்டாள்.

"குழந்தை பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி ஜன்னல்ல ஒரு தும்பி வந்து உட்கார்ந்துச்சு. கை அசைஞ்சாலே பறந்துடும்ல... குழந்தை வீல்னு அழுதுச்சு, அப்பவும் அது பறக்கலை. கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

சொல்லும்போது அவன் கண்கள் எங்கோ போய்விட்டு வந்தன. இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. இந்தக் கண்களை இதற்கு முன் எங்கே பார்த்தோம்... எங்கும் இல்லை. பிறகு ஏன் இப்படிப் பழகிய கண்களாகத் தெரிகின்றன? தன்னையே அதட்டிக்கொண்டு கிரீம் பையை எடுத்தாள். 'த'வின் வாலைக் கொஞ்சம் நீட்டி, வளைத்து, மேலே இழுத்தாள். தம்பி தும்பியானது.

அவன் சிரித்தான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான். கடைக்குள் இருந்த வெளிச்சத்தில் கொஞ்சம் அவனோடு போய்விட்டதாக அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போனதும் அகராதியைப் புரட்டினாள். வண்டுக்கும் தும்பி என்று பெயர் உண்டாம்... யானைக்கும் உண்டாம்! மாமியார் வாயை அடைக்க இதைவிட என்ன வேண்டும்? ஆர்டர் எடுத்த அவள் போனிலேயே அவன் நம்பர் இருந்தது. ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? ஹலோ, யானை என்றா? ரோஷக்காரி, விரல் நம்பர் வரை போய்த் திரும்பி வந்தது.

தானாக வருவான் என்று பார்த்தாள். வரவில்லை. வாராவாரம் பெயர் வைக்க எந்த வீட்டில்தான் குழந்தை பிறக்கிறது? கடைசியில் மாதிரிக் கேக் ஒன்றில் 'தும்பி' என்று எழுதி, ஓரத்தில் நான்கு சிறகு வரைந்து, தெருவைப் பார்த்த கண்ணாடியில் வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே வந்து அர்த்தம் கேட்டார்கள். அவளும் சளைக்காமல் சொன்னாள். தும்பி என்ற பெயரில் கேக் கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள், பிறகு இன்னொரு வீட்டார். உன் பூச்சி நன்றாகத்தான் பறக்கிறது என்றாள் முதலாளியம்மா. பறந்து என்ன? வரவேண்டியவன் வரவில்லையே.

ஒரு தூறல் பொழுதில் வந்தான். வந்ததும் வராததுமாகச் சண்டை. யார் வீட்டிலும் இல்லாத பெயர் என்றுதான் அக்கா மாமியாரைச் சம்மதிக்க வைத்தானாம். இப்போது தெருவுக்கு ஒரு தும்பி. எல்லாம் இந்தக் கண்ணாடிக் கேக்கால் வந்த வினையாம். ஏங்கிக் காத்திருந்தவளுக்குச் சுருக்கென்றது.

"பேரு என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

அவன் கதவுப் பக்கம் திரும்பிவிட்டான். இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் ரோஷம் மிஞ்சும், இவன் மிஞ்ச மாட்டான்... அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அந்தக் கேக்கை விக்கிறதுக்காக வைக்கலை. நீங்க இந்தப் பக்கம் போனா கண்ணுல படட்டும்னு வெச்சேன். பட்டா... உள்ள வருவீங்கன்னு."

 அவன் கதவின் பிடியை விட்டான்.

"தினமும் பட்டுச்சு. எதிர்ப்பக்கம் நின்னு பார்த்துட்டு போயிடுவேன். உள்ள வந்து என்ன சொல்றதுன்னு தெரியலை."

"அப்போ மாமியார்?"

"அவங்களா... எங்க வீட்டுப் பேரைத்தான் ஊரே வைக்குதுன்னு பெருமையில தரையிலேயே நிக்கலை. சண்டைன்னு சொன்னாத்தான் உள்ள வர ஒரு காரணம் கிடைக்கும்னு..."

குட்டு வெளிப்பட்டதும் காது வரை சிவந்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தை மறைக்கக் கண்ணாடிப் பக்கம் போய், இனி இந்தக் கேக்கை எடுத்துவிடவா என்று கேட்டாள்.

"எடுத்துடுங்க," என்றான். "இனிமே காரணம் வேண்டாம். உங்களைப் பார்க்கணும்னே வர்றேன்."