இடப்பக்கம் சாய்ந்த மோரிஸ்

கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பண்டமாரானில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வாலண்டைனுக்குச் சிரமம் இருக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் அதிரவைத்தே சுவரெல்லாம் விரிசல் கண்ட கடைசி வீடு. மதியம் பெய்த மழை நின்றிருந்தது. ஆனால் வெளிச்சம் திரும்பி வரவில்லை. ருக்கையா வாசலிலேயே காத்திருந்தார். கணவர் சாதிக் இறந்து வருடம் திரும்பியதும் அவருடைய காரை விற்றுவிட முடிவு செய்திருந்தார்.

பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. பழைய எண்ணெயின் வாடையை எதிர்பார்த்து உள்ளே நுழைந்த வாலண்டைனின் மூக்கில் வேறொன்று ஏறியது. ஈரத் துணி வாடை. நெடுநேரம் மழையில் நின்ற ஓர் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தால் வருமே, அது.

தார்ப்பாயை இழுத்தார். மோரிஸ் மைனர். நான்கு கதவு, சாம்பல் நிறம். கதவுகளின் அடியில் மட்டும் துரு தின்றிருந்தது. ஸ்டியரிங், விளக்குகள், முகப்பின் கம்பி வரிகள் எல்லாம் அசல். வாலண்டைன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பொதுவாகவே பேச்சு குறைவு. இப்படி ஒரு கார் முன்னால் நின்றால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஓரிடத்தில் நின்றார்.

"அக்கா, இந்தப் பக்கம் ஏன் இறங்கியிருக்கு?"

பின்னால் இடதுபக்கம் தாழ்ந்திருந்தது. இங்கே ஓட்டுபவர் உட்காருவது வலதுபக்கம். ஒரே ஆள் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் என்றால் வலதுபக்கம்தான் தொய்ய வேண்டும்.

"அது எப்பவும் அப்படித்தான் தம்பி. நான் கல்யாணமாகி வந்தப்பவே அப்படித்தான் நின்னுச்சு."

"பின்னால நெறைய பேரை ஏத்துவாரோ?"

"ஏத்துவாராவது. என்னையே முன்னாலதான் உட்கார வெப்பாரு. கம்பத்து ஊர்க்காரங்க யாராச்சும் கை காட்டினா, காலி சீட்டைக் காட்டி 'பின்னால ஆள் இருக்கு'ம்பாரு. கஞ்சப் பய, பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலன்னு எல்லாரும் சிரிப்பாங்க."

ருக்கையா சிரித்தார். வாலண்டைனும் சிரித்தார். அன்று மாலையே விலை பேசி முடித்துவிட்டார்.

அவருக்கு அவசரம் இருந்தது. மகள் ஏமிக்கு டிசம்பரில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய காருக்கு அடியிலோ கிடக்கும் அப்பாவின் கால்களைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். "வாடகைக் கார் வேணாம் டாடி. நீங்க கையால செஞ்ச கார்லதான் சர்ச்சுக்குப் போவேன்" என்று சொல்லியிருந்தாள். மகளிடம் பாசத்தைப் பேசிக் காட்டத் தெரியாத மனிதர் அவர். இந்த ஒன்றைத்தான் அவரால் செய்துகொடுக்க முடியும்.

கிள்ளானில், வீட்டு போர்ச்சில் வேலை தொடங்கியது. எஞ்சினைப் பிரித்தார், துருவை வெட்டினார், பெயின்ட் அடித்தார்.

"மருமகன் வரதுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு கெழவி வந்துட்டா" என்றாள் மனைவி டோரிஸ்.

பின்னிருக்கைக்குப் புதுத் தேங்காய் நார் அடைத்துத் தோல் மாற்றினார். மறுநாள் காலை காப்பியோடு வந்து கதவைத் திறந்தபோது இருக்கையின் இடதுபக்கம் குழிந்திருந்தது.

"நீ போய் உட்கார்ந்தியா?"

"நான் எதுக்கு உட்காரப் போறேன்? எனக்கு அந்த வாடையே ஆகல. ஊதுவத்தி ஏதாவது கொளுத்தி வைங்க."

கையால் அழுத்திப் பார்த்தார். குழி ஈரமாக இருந்தது. மழைச் சாரல் என்று நினைத்துக்கொண்டார். முந்தின நாள் மழை பெய்யவில்லை என்பது வெகுநேரம் கழித்தே நினைவுக்கு வந்தது.

சாய்வைச் சரிசெய்ய காரை சுங்கை வே பகுதிக்கு எடுத்துப் போனார். அங்கே கார்த்திகேசு என்பவர் லோரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறை வைத்திருந்தார். பின்சக்கரத்துக்கு மேலே வில்லைப்போல் வளைந்து எடையைத் தாங்கும் இரும்புப் பட்டைகள். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார்கள். ஜாக்கியைத் தளர்த்தியதும் கார் மட்டமாக நின்றது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது.

"பார்த்தீங்களா, எலிசபெத் ராணி மாதிரி நிக்குது" என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார் கார்த்திகேசு.

கிறீச்.

சின்னச் சத்தம்தான். இடது பின்பக்கம் இறங்கத் தொடங்கியது. சட்டென்று இல்லை. முதலில் கொஞ்சம், பிறகு ஒரு நிதானம், பிறகு முழுவதும். வயதான ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்து, குனிந்து, மெல்ல உடம்பைச் சாய்ப்பதைப்போல.

கார்த்திகேசு பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"புது ஸ்பிரிங். செட் ஆகுது" என்றார் வாலண்டைன்.

"புது ஸ்பிரிங் இப்படி செட் ஆகாது அண்ணே."

இடது பட்டையை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பார்த்தார்கள். மறுபடியும் இடதுதான் இறங்கியது. கார்த்திகேசு காருக்கு அருகே போகாமல் தள்ளியே நின்றார்.

"விட்டுடுங்க லா அண்ணே. பொண்ணுக்கு வேற கார் பார்க்கலாம்."

"கல்யாண ஃபோட்டோல என் கார் நொண்டிக்கிட்டு நிக்கணுமா? இடதுபக்கம் ஒரு பட்டை கூடப் போடு."

"எதுனால சாயுதுன்னே தெரியாம போடறது சரியில்ல."

"நீ போடு."

பழைய கார்ப் பித்துப் பிடித்தவர்கள் செய்யும் தவறு இது. காரணம் பிடிபடாதபோது அளவை மட்டும் நேராக்கிவிடுவார்கள். கூடுதல் பட்டை ஏறியது. கார் நேராக நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், குமிழி நடுவில் இருந்தது. அவருக்கு நிறைவாக இருந்தது. இல்லாத ஓர் எடைக்கு இருக்கை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. எல்லாச் சன்னல்களும் தெளிவாக இருந்தன. இடது பின்சன்னலில் மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. அது மெல்லச் சுருங்கியது. மறுபடி விரிந்தது.

கிள்ளான் வரும்வரை அவர் மறுபடி பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலை கார் பளபளத்தது. முகப்பில் வெள்ளை ரிப்பன். முன்னால் டோரிஸ், பின்னால் ஏமி. வாலண்டைன் பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தை நோக்கி மெதுவாக ஓட்டினார். மனம் ஒரு நிலையில் இல்லை. கல்யாணப் பதற்றம் என்று டோரிஸ் நினைத்துக்கொண்டாள்.

"மம்மி, இடமே பத்தல" என்றாள் ஏமி.

"பின்னால நீ ஒருத்திதானே உட்கார்ந்திருக்க. இவ்ளோ பெரிய கவுன் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்."

தேவாலய வளாகத்தில் நிறுத்திவிட்டு, வலதுபக்கக் கதவைத் திறந்து மகளுக்குக் கை கொடுத்தார். ஏமி ஒரு காலை வெளியே வைத்தாள். அதற்குமேல் வர முடியவில்லை.

"டாடி, கவுன் மாட்டிக்கிச்சு."

குனிந்து பார்த்தார். கவுனின் ஓரம் இடதுபக்க இருக்கைமேல் விரிந்து கிடந்தது. ஆணியில்லை, கொக்கியில்லை. வெள்ளைத் துணி தோலோடு ஒட்டித் தட்டையாக அமுங்கியிருந்தது. இழுத்தார். வரவில்லை. அவர் விரல்கள் சில்லிட்டன. வெளியே மணி அடிக்கத் தொடங்கியது. பூச்செண்டோடு பெண்கள் காத்திருந்தார்கள்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் நெரிசலில் அடுத்தவரிடம் கேட்போமே, அந்தக் குரலில், மிக மெதுவாகக் கேட்டார்.

"கொஞ்சம் எழுந்திருங்க."

துணி விடுபட்டது.

பூசை முடிந்தது. மாப்பிள்ளை பிராண்டனின் புதுக் காரில் இருவரும் ஏறினார்கள். எல்லாரும் அரிசி தூவினார்கள். வாலண்டைன் தன் காருக்குத் திரும்பினார்.

"இதென்னங்க, இப்ப அந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது? வெளக்குக் கம்பத்துகிட்ட நிக்கிற நாய் மாதிரி" என்று டோரிஸ் சிரித்தாள்.

கார் வலதுபக்கம் சாய்ந்திருந்தது. கூடுதல் பட்டை போட்ட இடது பின்பக்கம் உயர்ந்து நின்றது. தாங்க வேண்டிய எடை அங்கே இல்லை.

இறங்கியாயிற்று.

அவர் வாசலைப் பார்த்தார். பிராண்டனின் கார் வேகத்தடை மேல் ஏறி இறங்கியது. ஒல்லியான இரண்டு பேர்தான் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அதன் இடது பின்பக்கம் தரையில் உரசிக்கொண்டு போனது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்யாண வீட்டில் யார் நம்புவார்கள்? ஸ்ரீ கெம்பாங்கானில் புது வீட்டில் குடியேறிய மகள் தினமும் போன் செய்தாள். சமையல், மாமியார், பக்கத்து வீட்டுப் பூனை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் "கார் நல்லா ஓடுதா?" என்று மட்டும் விசாரிப்பார்.

ஒருநாள் அவளாகவே சொன்னாள். "பின்சீட்ல யாரோ பெல்ட் போடலன்னு எங்க கார் கத்திக்கிட்டே இருக்கு டாடி. யாருமே இல்ல. பிராண்டன் சர்வீசுக்குக் கொண்டு போனாரு, சென்சரையும் மாத்திட்டாங்க. அப்பவும் கத்துது."

"எந்தப் பக்கம்?"

"இடது. நான் என்ன பண்றேன் தெரியுமா? காலி சீட்டுக்கு பெல்ட் மாட்டி விட்டுடறேன். சத்தம் நின்னுடுது."

அவள் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவள் பேசியபோது சிரிப்பு இல்லை.

"டாடி, இப்ப பின்னால கத்தல."

"நல்லது."

"முன்னால கத்துது. என் பக்கத்து சீட். காலையில ஹைவேல ஸ்டியரிங் இடதுபக்கமா இழுத்துச்சு. பெரிய லோரி பக்கத்துல வந்துட்டு இருந்துச்சு. யாரோ கை வெச்சுத் திருப்பின மாதிரி..." குரல் தாழ்ந்தது. "பிராண்டன்கிட்ட சொன்னா தூக்கம் பத்தலன்னு சொல்றாரு."

"சாயந்தரம் இங்க வா. அந்தக் கார்லயே வா. மெதுவா. லோரி கிட்ட போகாத."

அன்று மாலை அவர் போர்ச்சுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தூறல். இருட்டத் தொடங்கும் நேரம். மகளின் கார் தெருமுனையில் திரும்பியபோதே முன்பக்கம் இடதுபுறமாகத் தாழ்ந்திருப்பது தெரிந்தது. கேட்டருகே வந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. டிங். டிங். டிங்.

"எஞ்சினை அணைக்காத. எறங்கி உள்ள போ. மம்மி டீ போட்டுட்டா."

"ஏன் டாடி ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒயரிங் கோளாறு. பார்க்கறேன்."

அவள் உள்ளே போனாள். அவர் அந்தக் காரின் இடது முன்கதவைத் திறந்தார். காலி இருக்கை. நடுவில் ஒரு குழி. ஈரத் துணி வாடை.

தன் மோரிஸின் இடது பின்கதவையும் விரியத் திறந்துவைத்தார். ஒதுங்கி நின்றார்.

டிங். டிங். டிங்.

ஒன்றும் நடக்கவில்லை. தூறல் வலுத்தது. திறந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஈரத் தரைதான் கிடந்தது. ஏன் வர மறுக்கிறது? மகளின் கார் எஞ்சின் ஓடியபடி நிற்கிறது. மோரிஸ் அணைந்து கிடக்கிறது. நிற்கிற காரில் யார் ஏறுவார்கள்? போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறவர், புறப்படுகிற காரில்தான் ஏறுவார்.

மோரிஸின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். பழைய எஞ்சின் இருமி உயிர்பெற்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

"வாங்க" என்றார் மெதுவாக. "என் பொண்ணை விட்டுடுங்க. நான் கொண்டு போய் விடறேன்."

டிங். டிங்.

பிறகு அமைதி.

ஈர வாடை கிட்டே வந்தது. கிறீச். முதலில் கொஞ்சம், பிறகு ஒரு நிதானம், பிறகு முழுவதும். மோரிஸ் மட்டமாக நின்றது. அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஏமி டீக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். தன் காரைப் பார்த்தாள். அது நேராக, சத்தமில்லாமல் நின்றது.

"சரி பண்ணிட்டீங்களா டாடி?"

"ம். இனிமே கத்தாது."

"இந்த மழையில எங்க போறீங்க? டீ ஆறிடும்."

"இங்கதான். ஒரு ரவுண்டு."

மகளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்போதும் வார்த்தை வருவதில்லை. காரைத் தெருவுக்கு எடுத்தார். இரண்டு பக்கமும் வீடுகளில் விளக்கு எரிந்தது. டிவிச் சத்தம், மீன் பொரிக்கும் மணம். எங்கே போக வேண்டும் என்று தெரியாமலேயே தெருமுனைவரை போனார். நேராகப் போனால் ஊருக்குள். வலதுபக்கம் நெடுஞ்சாலை. இடதுபக்கம் பழைய செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் பாதை. அங்கே தெருவிளக்குக் கிடையாது. வீடுகளும் இல்லை.

பிரேக்கை அழுத்தி நின்றார். எஞ்சின் நடுங்கியது.

அந்தக் கால மோரிஸில் திரும்பும் திசையைக் காட்ட மினுக்கும் விளக்குகள் இல்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூணுக்குள் சின்னக் கை ஒன்று மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் அது வெளியே நீளும், நுனியில் மஞ்சள் விளக்கு எரியும். இந்தக் காரில் அவற்றுக்கு அவர் இன்னும் ஒயர் இழுக்கவில்லை.

இடது பின்னிருக்கையில் தோல் நெரியும் சத்தம் கேட்டது. யாரோ சன்னல் பக்கமாகச் சாய்ந்ததைப்போல.

டக்.

இடதுபக்கத் தூணிலிருந்து அந்தக் கை நீண்டது. மழைக்குள் அதன் மஞ்சள் விளக்கு எரிந்தது.

வாலண்டைன் இடதுபக்கம் திரும்பினார்.