கழற்றாத பாட்டில்

மூட்டை இறக்குவது என் வேலை. விடியும் முன் கிடங்குக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு. நான் உள்ளே நுழைய, என் மனைவி தையல் ஆலைக்குக் கிளம்புவாள். பிள்ளை வாசலிலேயே கை மாறும்.

அந்த வீட்டுக்கு நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிவந்தோம். பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. சமையலறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் முகத்தில் இடிக்கும். பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் அடுப்பு தெரியும். மகளுக்கு அப்போது மூன்று மாதம்.

அவள் எங்களுக்கு இரண்டாவது. மூத்தவன் நான்காம் மாதத்தில் வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

சாமான்களைப் பிரித்தபோது அடியில் அந்த அலுமினியக் குண்டான் கிடந்தது. அவனுடைய பால் பாட்டில்களைக் கொதிக்க வைத்த குண்டான்.

"இதை எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?"

"ஓட்டை உடைசல் இல்லாத பாத்திரம்மா."

"மூட்டை தூக்கித் தூக்கி, எதைப் பார்த்தாலும் தூக்கத்தான் தோணுது உங்களுக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

மூன்று பாட்டில். மூன்று வளையம், மூன்று நிப்பிள், மூன்று மூடி. காலையில் ஒருமுறை அவள் கொதிக்க வைப்பாள், மாலையில் நான். பிரஷ் போட்டுத் தேய்த்து, எல்லாவற்றையும் தனித்தனியாகத் தண்ணீரில் அமிழ்த்தி, கொதி வந்த பிறகு பத்து நிமிடம் விட வேண்டும். அப்புறம் அடுப்பை அணைத்து, மூடி வைத்துவிடலாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம். மகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டொக்.

கொதிக்கும்போது பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அது எனக்குப் பழகிய சத்தம். ஆனால் அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

டொக். டொக்.

குண்டானைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

மூடியைத் திறந்ததும் புளித்த பால் வாடை குப்பென்று அடித்தது. இரண்டு பாட்டில்கள் நான் போட்டபடி பிரிந்து கிடந்தன. மூன்றாவது முழுசாக நின்றது. நிப்பிள் பொருத்தி, வளையம் இறுக்கி, மூடியும் போட்டிருந்தது. திருகிப் பார்த்தேன். ஐம்பது கிலோ மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுகிறவன் நான். அது அசையவில்லை. வளையத்துக்கும் கழுத்துக்கும் நடுவே வெள்ளையாகத் திரிந்த பால் கட்டியிருந்தது.

அது யார் பூட்டுகிற விதம் என்று எனக்குத் தெரியும்.

நான் பூட்டுகிற விதம்.

மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். என் மனைவிக்கு எழுத்து தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்தது போல நடிக்க மட்டும் தெரியும். "என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாட்டிலைக் கொதிக்க வைக்கணுமாம்" என்றேன். கொதிக்க வைப்பதும் என் வேலையாயிற்று. எங்கள் கிடங்கில் ஒரு முறை உண்டு: வாயைக் கட்டாமல் ஒரு மூட்டையும் வெளியே போகக் கூடாது. அப்படித்தான் பாட்டிலையும் நினைத்தேன். கொதிக்கிற தண்ணீரின் அழுக்கு உள்ளே போய்விடக் கூடாதே என்று, லேசாக அலசி, நிப்பிளோடு வளையத்தை இறுக்கிப் பூட்டி, அப்படியே தண்ணீரில் இறக்கினேன். நான்கு மாதம் அப்படித்தான் செய்தேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர், "பாட்டிலைச் சுத்தமா வச்சிருந்தீங்களா?" என்று அவளிடம்தான் கேட்டார். பால் கலக்கிப் புகட்டிய தன் கைகளை அவள் விரித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தக் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிற்று.

பிறகு கிடங்கில் சங்கத்துக்காரர்கள் வகுப்பு நடத்தினார்கள். ஒரு வருடம் போனேன். யார் உதவியும் இல்லாமல் நான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தத் தாளைத்தான்.

படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

குண்டானில் நின்ற அந்தப் பூட்டிய பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். இரண்டு நாள் கழித்து வாசலில் பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னங்க, காலையில நான் கழற்றித்தான் போடறேன். எடுக்கும்போது ஒண்ணு பூட்டியிருக்கு. எனக்குப் புத்தி பிசகுதா?"

"அசதியா இருக்கும்மா" என்றேன்.

என் நாக்கு அப்படிப் புரண்டது.

அடுத்த வாரம் என் அக்கா வந்தாள். அக்காவுக்கு வாய் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது என்று சொல்வார்கள். வாயே போதும். நான் வேலை முடிந்து வந்தபோது குண்டானைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கையில் பூட்டிய பாட்டில்.

"வாடா தம்பி. உன் பொண்டாட்டி லட்சணத்தைப் பாரு. கழற்றக்கூட இல்ல, அப்படியே வேக வச்சிருக்கா. மோந்து பாரு, குடல் வெளிய வந்திரும். மூத்தது ஏன் போச்சுன்னு இப்பத்தானே தெரியுது!"

என் மனைவி சுவரோரம் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பிள்ளை கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்று அக்கா தொட்டிலிலிருந்து துணிகளை எடுத்துப் பையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணி" என்றாள் என் மனைவி. "என் கையை எனக்கே நம்பத் தோணல."

டொக்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். பாட்டிலை அவள் மேடைமேல் வைத்திருந்தாள். அதை யாரும் தொடவில்லை.

டொக். டொக். டொக்.

பாட்டில் மேடையை இடித்து இடித்து என் பக்கமாக நகர்ந்து வந்தது.

"நான்தான்" என்றேன்.

"என்னடா உளர்றே?"

"அவ இல்லக்கா. மூத்தவனுக்குக் கொதிக்க வச்சது நான். கழற்றாம வச்சேன். தாள்ல என்ன போட்டிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

சத்தம் நிற்கவில்லை. என் மனைவி என்னையே பார்த்தாள்.

"அந்தத் தாள் எங்க?"

எடுத்தேன். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"படிங்க."

"பாட்டிலின் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றிக் கழுவவும். நிப்பிளையும் வளையத்தையும் பூட்டியபடி கொதிக்க வைக்க வேண்டாம்."

சத்தம் நின்றது.

அவள் பாட்டிலை எடுத்து, வெடித்த விரல்களால் வளையத்தைத் தொட்டாள். பூட்டாதது போலக் கழன்று வந்தது.

"ரெண்டு வருஷம்" என்றாள். "நான் கை கழுவறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

அவ்வளவுதான். பிறகு தொட்டிலுக்குப் போய் மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அக்கா பையிலிருந்த துணிகளைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு எந்தப் பாட்டிலும் தானாகப் பூட்டிக்கொள்ளவில்லை. அவள் வேலைக்குப் போகிறாள், மகளை என்னிடம்தான் கொடுக்கிறாள். ஆனால் பேச்சில்லை. கேட்டால் பதில், அதுவும் ஒரு சொல். என் குற்றத்துக்கு அது குறைவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். மகள் அவள் மடியில் பொக்கை வாயைத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். கொதிக்க வைத்ததை நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வரிசையாக வைத்தேன். மூன்று பாட்டில், மூன்று வளையம், மூன்று மூடி.

நான்கு நிப்பிள்.

நான்காவது மஞ்சளாகப் பழுத்திருந்தது. மூத்தவனுக்கு வாங்கிய மாதிரி. அந்த மாதிரி இப்போது கடையில் கிடைப்பதே இல்லை. திருப்பிப் பார்த்தேன். நுனியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் தடங்கள்.

அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்து அதை வாங்கி, விரல் நுனியால் அந்தத் தடங்களைத் தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

"அவனுக்குக் கீழ்ப்பல்லு முளைச்சிருக்குங்க" என்றாள்.

தாளைப் படித்துக் காட்டிய நாளுக்குப் பிறகு, அவளாக என்னிடம் பேசியது அதுதான்.

மறுநாள் அந்த நிப்பிளை எடுத்துப் பார்த்தேன்.

நான்கு தடங்கள் இருந்தன.