கழித்துவிட்ட கறை

கறை எப்போதும் உண்டு. அது இடம் மாறியிருப்பது இன்றுதான் அவள் கண்ணில் பட்டது.

மூடி போட்ட கேமராவில் எடுக்கும் படம் வெறும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் படத்தைப் பதியும் எந்தச் சிப்பிலும் கொஞ்சம் அழுக்கு இருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் எடுக்கும் அந்தக் கறுப்புப் படத்தில் தெரிவதை மற்ற படங்களிலிருந்து கழித்துவிடுவது ஆய்வகத்தில் வழக்கம். இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான படங்களைப் பிடிக்கும் இந்தச் சிப்பை உருவாக்கத் தொடங்கியதிலிருந்து அவளும் அதைத்தான் செய்துவந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால், சோதனை அறையில், அவள் தம்பி ஊசியும் பலூனுமாக நின்றான். விளக்குச் சூட்டில் வெந்த ரப்பர் வாடை கதவிடுக்கு வழியே கசிந்து வந்தது.

"இவ்வளவு படிச்சவனைப் பலூன் உடைக்க வச்சிட்டியேக்கா. அம்மாகிட்ட சொல்லிடாதே, மானம் போயிடும்."

"வாயைக் குறைச்சு வேலையைப் பாரு."

பலூன் வெடித்தது. கறை ஏன் நகர்ந்தது என்று பார்க்க, அவள் இம்முறை கழிக்கவில்லை. திரையில் ரப்பர் தோல் மெல்லக் கிழிந்து சுருண்டது. அவன் தோளுக்குப் பின்னால் கறை.

பின்னால்.

சிப்பில் உள்ள அழுக்கு எதற்கும் பின்னால் போக முடியாது. இதன் பாதியை அவன் தோள் மறைத்திருந்தது.

அடுத்த படம். கறைக்கு ஒரு கை.

அடுத்தது. கை அவன் கழுத்தில்.

அடுத்ததில் தம்பி இல்லை. அவன் நின்ற இடத்தில், அவனைப்போலவே ஊசியைப் பிடித்தபடி, அது. மறுபடி தம்பி. மறுபடி அது.

பழைய பதிவுகளைக் கழிக்காமல் திறந்தாள். முதலில் அது தூரத்துச் சுவரோரம் நின்றது. ஒவ்வொரு வெடிப்புக்கும் கொஞ்சம் நெருங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவளே அதைத் துடைத்துவிட்டு, படம் சுத்தமாக வந்திருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

"டேய், வெளியே வந்துடு. எதுவும் கேக்காதே."

வந்தான். எதிரே நின்று சிரித்தான். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

கண்ணுக்குத் தம்பிதான். அவள் கேமராவை அவன் பக்கம் திருப்பிப் படம் பிடித்தாள். பிடித்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் வந்து, திரையை எட்டிப் பார்த்தான்.

அது. அது. அது.

வெகுநேரம் தள்ளிய பிறகு, ஒரே ஒரு படத்தில் தம்பி. சிரிக்கவில்லை. வாய் கிழிய அலறியபடி, இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டியிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். தோள்மேல் ஒரு கை, வெதுவெதுப்பாக, வந்து அமர்ந்தது.