ஸ்பிரிங் அரக்கன்

நட்டுவின் அரக்கன் ஒரு ஸ்பிரிங்.

அவள் அப்பா ஸ்கூட்டர் மெக்கானிக். பட்டறைத் தரையில் கிடைத்த போல்ட்டுகள்தான் அவளுடைய வாள்வீரர்கள். வாஷர்கள் குதிரைகள். எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் அடித்து, ஒரே அளவு பாட்டில் மூடிகள்மேல் ஒட்டியிருந்தாள். வரிசையாக நிறுத்தினால் படை போலவே இருக்கும். பொம்மைப் படைகளை மேசையில் மோதவிட்டு ஆடும் பொம்மைக் கடைப் பின்னறையில் எல்லோரும் அவளை ‘நட்டு’ என்று கூப்பிடுவது அதனால்தான்.

இன்று கடைசிப் போர். ஜெயித்தால் அடுத்த வாரம் பெரிய மேசையில் ஆடலாம். மலை, ஆறு, கோட்டை எல்லாம் வைத்த மேசை! மூன்று மாதமாக அதற்காகத் துடித்துக்கொண்டிருக்கிறாள்.

எதிரே டமாரம். அவன் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“கடைப் பொம்மைக்குப் பதிலா இதை வெச்சு ஆடலாமா?” என்று நட்டு கேட்டாள். ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

“ஆடு, ஆடு! ஆனா எது எதுன்னு இப்பவே சொல்லிடு. நடுவுல மாத்தக் கூடாது!”

“போல்ட் வாள்வீரன். வாஷர் குதிரை. ஸ்பிரிங் அரக்கன்.”

“இதுவா அரக்கன்? கொசுவத்தி மாதிரி இருக்கு!”

அரை மணி நேரத்தில் அவன் சிரிப்பு நின்றது. இரண்டு பக்கமும் பாதிப் படை காலி. அட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நட்டுவின் அரக்கன். அந்தப் பக்கம் டமாரத்தின் தளபதி. அடுத்த முறை அரக்கன் சுவரைத் தாண்டினால் தளபதி அவுட். ஆட்டமும் முடிந்தது.

டமாரம் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தன் வில்வீரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தான். எதிரி தெரிந்தால்தான் அம்பு விடலாம்.

“சே! தெரியலையே! சுவர் மறைக்குது.”

நட்டு கையை அரக்கனிடம் கொண்டுபோனாள். அடுத்தது என் முறை! பெரிய மேசை!

அப்போதுதான் கண்ணாடி அலமாரியில் நின்ற கடை அரக்கன் அவள் கண்ணில் பட்டான். சுவரைப் போல இரண்டு மடங்கு உயரம். அவளுடைய ஸ்பிரிங்கோ சுவரில் பாதிகூட இல்லை.

“இருடா,” என்றாள். “இவன் குள்ளமா இருக்கறது என் தப்பு. நிஜ அரக்கன்னா உனக்குத் தெரிஞ்சிருப்பான்.”

“அதனால?”

நடுவர் கடைக்கார அண்ணன்தான். அவர் காதில் செருகியிருந்த குட்டிப் பென்சிலை நட்டு வாங்கினாள். ஸ்பிரிங்கை இழுத்து அதில் மாட்டினாள். கடை அரக்கனோடு உயரம் பார்த்தாள். சரியாக இருந்தது. பழைய இடத்திலேயே நிறுத்தினாள். நீல அரக்கன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“தெரியுது! தெரியுது!” டமாரம் பகடையை உருட்டினான். ஆறு!

அரக்கன் செத்தான். டமாரம் மேசையைத் தட்டிக் குதித்தான். போச்சு, என்று நினைத்தாள் நட்டு.

“குதிக்காதே, மேசை ஆடுது,” என்றார் அண்ணன், விதிப் புத்தகத்தைப் புரட்டியபடி. “செத்த அரக்கன் எந்தப் பக்கம் பாத்து நிக்கறானோ அந்தப் பக்கம் விழணும். அடியில யார் மாட்டினாலும் காலி.”

“விழட்டுமே!”

நட்டு விரலால் லேசாகத் தள்ளினாள். அரக்கன் பென்சிலோடு சாய்ந்தான். சுவரைத் தாண்டி, நேராகத் தளபதியின் தலையில். டொக்!

பின்னறையே கத்தியது. பழைய உயரத்தில் விழுந்திருந்தால் அவன் சுவரைத் தாண்டியிருக்கவே மாட்டான்!

டமாரம் குப்புறக் கிடந்த தளபதியைப் பார்த்தான். அரக்கனைப் பார்த்தான். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினான்.

“ஏய் நட்டு... உங்கப்பா பட்டறையில இன்னொரு ஸ்பிரிங் இருக்குமா?”