மைக் அணையவில்லை

“கடவுளே, இந்த நாவல்ல மழை கொட்டுது, பனி மூடுது, கதவு தானா கிரீச்சிடுது... ஆனா ஒரு ஆள்கூட மூச்சு விடல!”

ஒலிப்பதிவு அறைக்குள் தனியாக இருந்தவள் ஹெட்போனைக் கழற்றியபடி அலுத்துக்கொண்டாள். நாவல்களை ஒலிப்புத்தகமாக வாசிப்பது அவள் வேலை.

“கொலை பண்ணவனும் போலீஸும் ஒரே மாதிரி பேசறாங்க. கதாநாயகி ஜன்னலோரம் நிக்கறா... அவ்வளவுதான். அவளுக்கு எந்தக் குரலைக் குடுக்கறது? எழுதினவர் பொண்ணுங்களோட பேசினதே இல்ல போல!”

கண்ணாடிக்கு அப்பால் பதிவு செய்துகொண்டிருந்த சவுண்ட் அண்ணன் பதறிக் கையாட்டினார். அவருக்குப் பின்னால், மழையில் நனைந்த சட்டையோடு ஒருவன். பெரிய கண்களில் அடிபட்ட பார்வை...

மைக் அணையவில்லை. நாவலாசிரியன் அத்தனையையும் கேட்டுவிட்டான்.

‘தவளை தன் வாயாலேயே கெட்டது!’ அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வேற யாராவது வாசிக்கட்டும் அண்ணா,” என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறினான்.

வீட்டில் அக்காவிடம் பொருமித் தீர்த்தான். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்டா.”

“நீ நல்லா இருக்குன்னியே!”

“மழை நல்லா இருக்குன்னேன். நீ முகத்தைத் தூக்கி வச்சுப்பியேன்னு மிச்சத்தைச் சொல்லல.”

படித்த அத்தனை பேரும் பனியைத்தான் பாராட்டியிருந்தார்கள். அந்த ஜன்னலோரப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட ஒருத்திதான் இருந்தாள்... அவளையா துரத்தினோம்?

மறுநாள் ஸ்டுடியோ படிக்கட்டில், பையைத் தோளில் மாட்டியபடி அவள் இறங்கி வந்தாள். அவனைக் கண்டதும் கண்கள் தாழ்ந்தன.

“மன்னிச்சிடுங்க சார். பிடிக்காத புத்தகம்னா திட்டமாட்டேன். பேசாம வாசிச்சிட்டுப் போயிடுவேன்...”

அவனுக்குள் ஏதோ இளகியது.

“நீங்கதான் வாசிக்கணும். அதுக்கு முன்னாடி... ஜன்னலோரம் நிக்கறவ என்னதான் நினைச்சுட்டிருப்பா?”

“பயமா இருக்கும். ஆனா எதிர்ல இருக்கறவன் கேட்டா, பசிக்குதுன்னு சொல்லுவா!”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றே திருத்த உட்கார்ந்தான். தினமும் மாலையில் அவள் வாசித்தாள், அவன் கேட்டான். “இப்படியா பேசுவா? நல்லா இருக்கு உங்க லட்சணம்!” என்று அவள் சீண்டும்போதெல்லாம் ஒரு பக்கம் உயிர் பெற்றது.

கடைசி அத்தியாயம் பதிவான மாலை, இருவரும் வாசலில் நின்றார்கள். வெளியே சிணுங்கும் தூறல்...

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல,” என்றான். “எல்லாரும் தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. நீங்க ஒருத்திதான் என்னை நல்லா எழுத வச்சீங்க.”

“அவ்வளவுதானா?” அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். “கொலைகாரன் யாருன்னு முதல் வரி எழுதும்போதே தெரியும். அந்த ஜன்னலோரப் பொண்ணை எனக்கு இவ்வளவு பிடிச்சிடும்னு மட்டும் தெரியாது. அவளைன்னா... உங்களை.”

அவள் கன்னங்கள் சிவந்தன.

“இதை எந்தப் புத்தகத்துலயும் எழுதிடாதீங்க.”

“ஏன்?”

“எழுதினா ஊருக்கே வாசிச்சுக் காட்டணும். இது... நான் மட்டும் கேட்டாப் போதும்.”